பிக்கப்பை மாற்றும் முன் மிக்ஸரைப் பாருங்கள்

கடலூரிலும் சிதம்பரத்திலும் கோயில் திருவிழா, திருமண வரவேற்பு, தேவாலய ஆராதனை என்று எங்கே மேடை போட்டாலும், கீபோர்டும் ரிதம் பேடும் முக்கால்வாசி இசையைப் பிடித்துக்கொண்ட இந்தக் காலத்திலும், ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கத்தான் செய்கிறது. இளையராஜா பாட்டின் இடையிசையில் லீட் கிட்டார் வரும் இடத்தைக் கீபோர்டில் வாசித்துச் சமாளித்தால் ரசிகர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சரியாக அந்த இடத்தில்தான் கிட்டார் எடுபடுவதில்லை. சத்தம் போதவில்லை, மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அமுங்கிப்போகிறது, மொத்தையாகக் கேட்கிறது என்பார்கள். உடனே சொல்லப்படும் யோசனை, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு 'ஹாட்' பிக்கப் ஒன்றைப் போடு என்பது. பெயர்பெற்ற வெளிநாட்டு பிக்கப் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு மேடைக்குச் சில நூறோ ஓரிரு ஆயிரமோ சம்பளம் வாங்கும் கலைஞருக்கு அது சிறிய தொகை அல்ல. நம் மேடைகள் இருக்கும் நிலையில் அந்தப் பணம் பெரும்பாலும் வீண் என்பதும், சில வேளைகளில் குறையை அது இன்னும் கூட்டிவிடும் என்பதும்தான் என் வாதம்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சுற்றுகள் கூடினால் மின்னழுத்தமும் கூடும். பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் தந்தியின் அசைவு குறைவு. கழுத்துப் பக்கம் அதிகம். ஆகவே பிரிட்ஜ் பிக்கப் சற்று வலுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் நியாயம் உண்டு. அது எவ்வளவு என்பதுதான் கேள்வி. கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப், தலைமுடித் தடிமனே உள்ள கம்பியை ஒவ்வொரு சுருளிலும் சுமார் 5000 சுற்று சுற்றிச் செய்தது. அதன் மின்தடை 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். பிரிட்ஜுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று அப்போது தனித்தனியாகச் சுற்றவும் இல்லை. பின்னர் 1972-இல் டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பைக் கொண்டுவந்தார். செராமிக் காந்தம், கூடுதல் சுற்றுகள், 13 கிலோ ஓமுக்கு மேல் மின்தடை. மாற்று பிக்கப் வணிகம் சூடுபிடித்தது இதற்குப் பிறகுதான். அது அந்தக் காலத்துக்கு வேண்டியதாகவும் இருந்தது. அன்றைய வால்வு ஆம்ப்களில் கெயினைத் தனியே ஏற்றும் வசதி குறைவு. ராக் இசைக்கு வேண்டிய அந்தக் கரகரப்பு வர, ஆம்பின் முதல் வால்வையே பலமாகத் தள்ள வேண்டியிருந்தது. அதைப் பிக்கப் செய்தது. ஹாட் பிக்கப்பின் புகழ் வால்வு ஆம்போடு சேர்ந்து வந்த புகழ். நம் மெல்லிசை மேடையில் அந்த ஆம்பைக் காண்பது அரிது.

சுற்றுகளைக் கூட்டுவதற்கு ஒரு விலை இருக்கிறது. சுருளின் மின்தூண்டல் எண், சுற்றுகளின் எண்ணிக்கையைப் போல் அல்ல, அதன் வர்க்கத்தைப் போல் ஏறும். பழைய பாணி ஹம்பக்கரில் அது நான்கைந்து ஹென்றி. ஹாட் பிக்கப்பில் எட்டைத் தொடும். அது ஏற ஏற, பிக்கப்பின் ஒத்ததிர்வு உச்சம் கீழே இறங்குகிறது. அதற்கு மேலுள்ள ட்ரெபிள் உதிர்ந்துபோகிறது. மிருதங்கத்தின் சாப்பையும் வயலினின் கூர்மையையும் காதுக்குப் பிரித்துக் காட்டுவது எந்த அலைவரிசையோ, கிட்டார் தந்தியின் 'டிங்' என்ற முதல் தொடுகையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வாத்தியம் கூட்டத்தில் தனித்துக் கேட்பது அந்தத் தொடுகையால்தானே தவிர, அடிச்சத்தத்தின் பருமனால் அல்ல. கடையில் 8 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று பார்த்து, பெரிய எண்ணே பெரிய சத்தம் என்று வாங்குவதும் பிழை. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரி அறையில் 8 கிலோ ஓம் காட்டிய பிக்கப், கடலூர்க் கோடையின் 36 டிகிரியில் 8.5 காட்டும். அதனால் சத்தம் ஒரு துளியும் ஏறியிராது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பெரிய நகரத்து அரங்கில் கிட்டாருக்குத் தனி ஆம்ப் இருக்கும், அதன் முன் மைக் வைப்பார்கள். நம் ஊர் மேடைகள் பலவற்றில் கிட்டார் கேபிளை நேரே சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரில் செருகிவிடுகிறார்கள். கீபோர்டுக்கு அது பொருந்தும். காந்தப் பிக்கப் உள்ள கிட்டாருக்குப் பொருந்தாது. கிட்டாருக்கென்றே செய்த ஆம்பின் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு சுமார் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம். மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் அது பெரும்பாலும் 10,000 ஓமை ஒட்டியே இருக்கும். இவ்வளவு குறைந்த மின்னெதிர்ப்பு, பிக்கப் தரும் மின்னழுத்தத்தின் பெரும்பகுதியை வாசலிலேயே விழுங்கிவிடுகிறது. ட்ரெபிளை இன்னும் அதிகமாக விழுங்குகிறது. 8 கிலோ ஓமும் 4.5 ஹென்றியும் உள்ள சாதாரண ஹம்பக்கரை 10,000 ஓம் உள்ளீட்டில் செருகினால், நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலியில் சுமார் 30 சதவீதம்தான் உள்ளே போகிறது. 16 கிலோ ஓமும் 8 ஹென்றியும் உள்ள ஹாட் பிக்கப்பில் 18 சதவீதம்தான். கூடுதல் சுற்றுகளால் அது மூன்றில் ஒரு பங்கு அதிக மின்னழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த 18 ஏறத்தாழ 24 ஆகுமே தவிர 30-ஐ எட்டாது. கேபிளையும் வால்யூம் கண்ட்ரோலையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. காந்தமும் வலுவானதாக இருந்தால் வித்தியாசம் கொஞ்சம் சுருங்கலாம். ஆனால் திசை மாறாது. பணம் கொடுத்து வாங்கிய வலுவான பிக்கப், அதே மிக்ஸரில் பழையதைவிட மெதுவாகவும் மங்கலாகவும் ஒலிக்கக்கூடும்! சரியான உள்ளீட்டில் செருகினால்கூட அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது 2.5 டெசிபல்தான். மிக்ஸரின் கெயின் திருகை லேசாகத் தொட்டாலே அது கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் வேண்டியது டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு பெட்டி. கிட்டாருக்கு அது ஒரு மெகா ஓம் அளவு மின்னெதிர்ப்பைக் காட்டி, மிக்ஸருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றி அனுப்புகிறது. மின்சாரம் வாங்கி வேலை செய்யும் ஆக்டிவ் வகைதான் கிட்டார் பிக்கப்புக்கு நல்லது. சில மிக்ஸர்களில் 'ஹை இசட்' என்ற பொத்தானே இருக்கிறது, யாரும் அழுத்துவதில்லை. ஒரு டி.ஐ. பாக்ஸ் ஒரு கலைஞரின் ஒரு கிட்டாரோடு நின்றுவிடாது, அந்த சவுண்ட் சர்வீஸ் போகும் ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு கிட்டாரையும் திருத்தும். பிக்கப்பை மாற்றுவதைவிட இது எனக்குப் பெரிய நியாயமாகப் படுகிறது.

உரத்த ஒலியைவிடப் பொருத்தமான ஒலிதான் மேடையை ஆளும் என்பதற்கு நம் பக்கத்து மண்ணிலேயே சான்று இருக்கிறது. உச்ச சுருதியில் வீதி முழுவதும் கேட்ட திமிரி நாயனத்திலிருந்து, நீளமும் கனமும் கூடி சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு நாதஸ்வரம் வந்தது டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதை அவருக்காகச் செம்மைப்படுத்தினார். ஒலிபெருக்கி மேடைக்கு வந்துவிட்ட பிறகு வாத்தியமே கூட்டத்தைக் கடந்து கத்த வேண்டியதில்லை. நாதம் நிறைவாக இருந்தால் போதும். உரத்துக் கேட்பதைப் பெருக்கியிடம் விட்டுவிட்டு நாதத்தை வாத்தியத்தில் தேடிய முடிவு அது. இன்று அந்தப் பாரிதான் கச்சேரி நாதஸ்வரமாக நிலைத்திருக்கிறது.

சிலர் கேட்கலாம்: நாங்கள் மிக்ஸரில் நேரே செருகுவதில்லை, மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வழியாகத்தானே போகிறோம் என்று. உண்மை, பெடலின் உள்ளீடு பிக்கப்புக்கு ஏற்றதாகவே இருக்கும். ஆனால் அப்போது ஹாட் பிக்கப்புக்கு இருந்த ஒரே காரணமும் போய்விடுகிறது. வால்வைத் தள்ளும் வேலையைப் பெடலுக்குள்ளேயே எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறிய சிக்னலை டிஜிட்டல் உள்ளீட்டில் தள்ளினால் கிடைப்பது இனிமையான கரகரப்பு அல்ல, காதைக் குத்தும் வெடிப்பு. கர்நாடக இசையை கிட்டாரில் வாசிப்பவர்கள் வேறொன்று சொல்கிறார்கள்: கமகம் நீண்டு நிற்க வலுவான பிக்கப் வேண்டும் என்று. மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்தி மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்தி கொண்ட எலெக்ட்ரிக் வாத்தியமாக மாற்றிக்கொண்டு கமகத்தைக் கொண்டுவந்தார். அங்கே உதவியது தந்தி அமைப்பும் ஒலிபெருக்கமும் அவருடைய விரல்களும். வலுவான காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் கொண்டுபோனால் காந்தமே தந்தியை இழுத்து, அதிர்வைச் சீக்கிரம் அடக்கிவிடும், சுருதியையும் சற்றுக் கலைக்கும். கமகத்துக்கு அது எதிரி.

மூன்றாவது வாதத்தை நான் ஏற்கிறேன். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார், ஜெனரேட்டருக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவில் விடாமல் ரீங்கரிக்கும். எர்த் சரியில்லாத பந்தலில் கேட்கவே வேண்டாம். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் போடுவது அங்கே நல்ல முடிவு. இரண்டு சுருள்களும் எதிரெதிராக இணைந்து அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அழித்துவிடுகின்றன. ஆனால் இது இரைச்சலைக் குறைக்கும் வழி, 'ஹாட்' ஆக்கும் வழி அல்ல. அதிகச் சுற்றுள்ள சிங்கிள் காயிலை வாங்கினால் தந்தியின் ஒலியோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும். மலிவான கிட்டாரின் பிக்கப் தரமில்லாமல் இருந்தால் அதை மாற்றுவதிலும் தவறில்லை. தரத்துக்காக மாற்றுங்கள் என்கிறேன், சத்தத்துக்காக வேண்டாம்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை இன்னும் சில, எல்லாமே சில நூறு ரூபாய்க்குள் முடிபவை. தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தி எந்தப் பிக்கப்பின் மீதும் மங்கலாகத்தான் ஒலிக்கும். ஜாக்கின் உட்பகுதியில் பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். பிக்கப்பின் இருபுறத் திருகுகளையும் திருப்பி உயரத்தைச் சரிசெய்வதற்குக் காசே வேண்டாம்: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தால், பிரிட்ஜ் பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கலாம். இந்தச் சிறு இடைவெளியில் அரை மில்லிமீட்டர் குறைத்தாலே ஒலி கூடுவது காதுக்குத் தெரியும். ஹம்பக்கர் போட்ட கிட்டாரில் வால்யூம் கண்ட்ரோல் 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா என்றும் பார்த்துவிடுங்கள். 250 இருந்தால் ட்ரெபிளில் ஒரு பகுதி அங்கேயே போகிறது.

இத்தனைக்குப் பிறகும் பிரிட்ஜ் மெதுவாக இருப்பதாகத் தோன்றினால், அல்நிக்கோ 5 காந்தமும் 8 அல்லது 9 கிலோ ஓமும் உள்ள ஹம்பக்கர் நம் மேடைக்குப் போதும். ஹெவி மெட்டல் ஒன்றையே வாசிப்பவர் அதற்கு மேலே போகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறையும் பொறியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த வட்டாரத்து மெல்லிசைக் கலைஞர்களையும் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்களையும் ஒரு நாள் அங்கே அழைத்து, ஒரே கிட்டாரை மிக்ஸரில் நேரேயும் டி.ஐ. பாக்ஸ் வழியாகவும் செருகிக் காட்டினால் போதும், அரை மணி நேரத்தில் எல்லோர் காதுக்கும் விளங்கிவிடும். அதுவரை சவுண்ட் சர்வீஸ் நடத்துவோர் அடுத்த ஸ்பீக்கர் வாங்கும்போது அதோடு ஒரு ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.