காலாளின் முன்னேற்றம்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகத் தெற்கே செல்வோர் மாமல்லபுரத்தை அடைவர். சிற்பியரின் உளியொலி கேட்கும் அவ்வூரில் 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 180க்கு மேற்பட்ட நாடுகளின் அணிகள் அங்குக் குழுமின. வேட்டி சட்டை அணிந்த குதிரையொன்று ‘தம்பி’ என்னும் பெயரோடு விழாவின் சின்னமாக விளங்கியது. குதிரைக்குக் கிட்டிய அப்பெருமை காலாளுக்குக் கிட்டவில்லை. சதுரங்கம் என்னும் பெயரே தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நாற்படையைக் குறிப்பதாயினும், காலாளைக் கடையாக எண்ணுவதே வழக்கமாகிவிட்டது. அது முறையன்று.

புதிதாக ஆடுவோர் தாக்குதல் என்றவுடன் அரசியை முன்னனுப்புவர். தனித்துச் சென்ற அரசியை எதிரி துரத்தித் துரத்தியே தன் படையை அணிவகுத்துக்கொள்வான். காலாளை அனுப்பினாலோ நிலை வேறு. அரசியின் மதிப்பு ஒன்பது காலாட்களுக்கு ஒப்பானது என்பர். ஆயினும் ஒரு காலாள் அவளை எதிர்த்தால் விலகிச் செல்ல வேண்டியவள் அரசியே! மேலும், அரசனுக்கு முன் நிற்கும் மூன்று காலாட்களே அவனுக்கு மதில். அம்மதிலை இடிக்க ஏற்ற கருவி எதிர்ப்பக்கத்துக் காலாள். அது மோதி மாண்டாலும் அந்த நெடுவரிசை திறந்துவிடும்; பின்னே காத்திருந்த யானை அவ்வழியே பாயும். இத்தனை குறைந்த விலையில் இத்தனை பெரிய வாயிலைத் திறக்க வேறெந்தக் காயாலும் இயலாது.

பிரெஞ்சு நாட்டுப் பிலிடோர் 1749இல் வெளியிட்ட நூலிலேயே காலாட்களுக்கு முதலிடம் தந்தார். சிசிலியன் தற்காப்பை உடைக்க 1980களில் இங்கிலாந்து ஆட்டக்காரர் வளர்த்த முறையில், வெள்ளை அரசன் இடப்பக்கம் ஒதுங்க, வலப்பக்கக் காலாட்கள் அணியாக முன்னேறும். சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்தும் இம்முறையைக் கையாண்டவரே. 2017இல் தோன்றிய ஆல்ஃபாஸீரோ என்னும் கணிப்பொறி ஆட்டக்காரன், ஓரக் காலாளைத் தயங்காமல் முன்செலுத்தி வல்லுநரையும் வியக்கச் செய்தது.

ஆயினும் இதனைக் கண்மூடிக் கையாளுதல் தகாது. ஏனைய காய்கள் பின்வாங்கலாம். காலாள் பின்வாங்க இயலாது. அது விட்டுச் சென்ற கட்டங்கள் காவலின்றிக் கிடக்கும். அரசர் இருவரும் ஒரே பக்கத்தில் இருக்கையில் காலாட்களை ஓட்டினால், பெரும்பாலும் குலைவது தன் மதிலே. நடுக்களம் திறந்திருந்தாலும் ஆபத்துதான். படை ஓரத்தில் சென்றுகொண்டிருக்க, எதிரி நடுவே புகுந்துவிடுவான். அரசர் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து, நடுக்களமும் உறுதியாக இருக்கும்போதுதான் இது முழுப்பயன் தரும்.

அப்பொழுது ஆட்டம் ஓட்டப்பந்தயமாக மாறுகிறது. எதிரியின் காலாள் மதிலைத் தொட நான்கு நகர்த்தல்கள் வேண்டுமெனின், தன் காலாள் மூன்றில் தொட வேண்டும். எண்ணிப் பாராமல் ஓட்டியவன், இடைவழியில் தன் அரசனைக் காக்க ஒரு நகர்த்தலைச் செலவிட்டு, அம்மூன்றை நான்காக்கிக்கொள்வான்.