ஒரு ராத்திரிக் கோட்டு

டயர், சிமென்ட், பெயின்ட், பம்ப்செட்... இதில் எந்த ஏஜென்சி எடுத்திருந்தாலும் உங்களுக்கு அந்த அழைப்பு ஒருநாள் வரும். டார்கெட் முடித்த டீலர்களைக் கம்பெனி கப்பலில் கூட்டிப்போகிறது. திருச்சியிலோ கோவையிலோ ஃபிளைட் ஏறி சிங்கப்பூர். அங்கிருந்து மூன்று ராத்திரி கப்பல். நாமக்கல்லில் லாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருப்பவருக்கும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்குச் சாமான் விற்பவருக்கும் இதெல்லாம் இப்போது அதிசயமில்லை. போய்விட்டு வந்தவர் பக்கத்துக் கடையிலேயே உட்கார்ந்திருப்பார். செல்போனில் போட்டோ காட்டுவார்.

சிங்கப்பூர் வரை போவானேன்? 2022 ஜூன் மாதம் முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்க, சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா கப்பல் கிளம்பியது. கப்பல் சுற்றுலா என்பது நமக்குச் சினிமாவில் பார்க்கிற சமாசாரம் என்ற காலம் போய்விட்டது.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால், வாட்ஸ்அப்பில் வருகிற அந்த அழைப்பின் கடைசி வரியைப் படியுங்கள். 'இரண்டாம் நாள் இரவு காலா டின்னர். ஃபார்மல்ஸ் கட்டாயம்.'

காலா என்றால் ரஜினி படம் இல்லை சார். பெரிய விருந்து. ஃபார்மல்ஸ் என்றால் கோட்டு, சூட்டு, டை.

பாஸ்போர்ட் வாங்கும்போதுகூட இல்லாத பதற்றம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஐந்து கோடி ரூபாய்க்கு டர்ன் ஓவர் காட்டுகிற மனுஷன், லாரிக்காரனிடம் பாக்கி வசூலிக்கும்போது புலியாக நிற்கிறவர், இந்த ஒரு வரியைப் பார்த்துப் பூனையாகிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வண்டி விடுகிறார். ஏ.சி. போட்ட பெரிய கடையில் நிற்கிறார். டேப்பை மார்பில் சுற்றி, 'சாருக்கு நேவி புளூ எடுப்பா இருக்கும்' என்கிறான் கடைப்பையன். முடிந்தது கதை.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாடம் ஒன்று, தேய்மானம். வாடகைக்கு ஓடுகிற லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம் என்பது நாமக்கல்லில் குழந்தைக்கும் தெரியும். ஒரு ராத்திரி போட்ட கோட்டுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்? நான் சொல்கிறேன், நூறு சதவீதம். அதுவும் முதல் ராத்திரியே.

கணக்கு போட்டுத்தான் பார்ப்போமே. கோட்டும் பேன்ட்டும் தைக்க 12,000 ரூபாய் என்று வையுங்கள். சட்டை, டை, பெல்ட், பளபள ஷூ என்று இன்னொரு 4,000. மொத்தம் 16,000. விருந்து நாலு மணி நேரம். ஆக, மணிக்கு 4,000 ரூபாய்! உங்கள் தோட்டத்தில் வாய்க்கால் வெட்ட வரும் ஜே.சி.பி.க்குக்கூட அவ்வளவு வாடகை இல்லை. அதுவாவது வாய்க்கால் வெட்டும்.

'அப்படிப் பார்க்கலாமுங்களா? அடுத்து எத்தனை விசேஷம் இருக்குது. ரிசப்ஷனுக்கு ஆகுமில்லீங்க' என்பீர்கள்.

ஆகாது. நம் ஊர் முகூர்த்தமெல்லாம் வைகாசியில் கொத்துக்கொத்தாக வருகிறது. சேலத்து வெயிலில், ஜெனரேட்டர் சத்தத்தில், ஐந்நூறு பேர் மண்டபத்தில் கோட்டு போட்டு நின்று பாருங்கள். பந்திக்குப் போகும் முன்பே கையில் மடித்துப் போட்டுவிடுவீர்கள். அப்புறம் பீரோ. அந்துருண்டை. இரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் பொத்தான் ஒரு பக்கமும் துளை ஒரு பக்கமுமாக முறைத்துக்கொண்டு நிற்கும். நாமக்கல் முட்டை ஆம்லெட் சும்மா விடுமா? மச்சான் பையனுக்குக் கொடுக்கலாம் என்றால், 'இது பழைய ஃபேஷன் மாமா' என்று அவன் தொடக்கூட மாட்டான்.

சரி, வாடகைக்கு எடுக்கலாமே? ரிசப்ஷன் கோட்டு, ஷெர்வானி எல்லாம் வாடகைக்குத் தருகிற கடைகள் சேலத்திலேயே இருக்கின்றனவே?

இதைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். 'ஏனுங்க... யாரோ போட்ட துணியப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னாடி நிக்கறதுங்களா?'

வாசகர்களே, இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாம் எதைத்தான் வாடகைக்கு எடுக்கவில்லை? மண்டபம் வாடகை. சேர் வாடகை. அண்டா குண்டா வாடகை. பூப்போட்ட கார் வாடகை. மணமகள் கழுத்தில் மின்னுகிற செட் நகை பல கல்யாணங்களில் வாடகை. அதை யாரும் குறை சொல்வதில்லை, 'கெட்டிக்காரத்தனம்' என்கிறோம். வாடகை லாரியில் பிழைக்கிற ஜில்லா, அடிக்கு இவ்வளவு என்று ரிக்கை வாடகைக்கு விட்டு இந்தியா முழுக்க போர் போட்ட திருச்செங்கோடு... இந்த ஊர்க்காரருக்கு வாடகை என்ற வார்த்தை கேவலமாகப் போய்விட்டதா?

உங்கள் வீட்டு ஹாலில் கறுப்பு அங்கி போட்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு ஒரு பட்டமளிப்பு போட்டோ மாட்டியிருக்கிறீர்களே, அந்த அங்கி யாருடையது? வாடகை. உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் வேர்வை சிந்திய அங்கி. என் வீட்டிலும் அதே போட்டோதான், அதே மாதிரி வாடகை அங்கிதான். அதைக் காட்டித்தான் எனக்குப் பெண்ணே பார்த்தார்கள். ஒருவரும் 'துணி சொந்தமா?' என்று கேட்கவில்லை.

கோட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். லண்டனில் மாஸ் பிரதர்ஸ் என்று ஒரு கம்பெனி. பழைய துணி வியாபாரத்தில் ஆரம்பித்தவர்கள். 1897ல் கோட்டு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். நொடித்துப்போன ஒரு ஷேர் புரோக்கர் விருந்துக்குப் போக அடிக்கடி சூட்டு இரவல் கேட்டு வந்தாராம். கடைசியில் முதலாளி, 'இனிமேல் காசு கொடுத்து எடுத்துப் போ' என்றாராம். இப்படித்தான் அந்தத் தொழிலே பிறந்தது என்று சொல்வார்கள். அதற்கப்புறம் எத்தனையோ இங்கிலீஷ்கார மாப்பிள்ளைகள் கல்யாணமே வாடகைக் கோட்டில்தான் செய்துகொண்டார்கள்.

அவ்வளவு ஏன், ஸ்டாக்ஹோம்! நோபல் பரிசு விழா. சுவீடன் ராஜா கையால் பரிசு. வால் வைத்த கோட்டு போட வேண்டும். உலகத்தின் பெரிய மூளைக்காரர்கள் அதைச் சொந்தமாக வைத்திருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பல பேர் அளவை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அந்த ஊர்க் கடையில் வாடகைக்கு எடுத்துத்தான் மேடை ஏறுகிறார்கள். பெளதிகத்துக்கு நோபல் வாங்குகிறவருக்கு இல்லாத வெட்கம் பெயின்ட் டீலருக்கு எதற்கு?

ஆனால், வாடகையிலும் கணக்கு உண்டு. உள்ளூர்க் கடையில் நாள் கணக்கு. நீங்கள் சிங்கப்பூர் போய், கப்பல் ஏறி, இறங்கி, ஊர் திரும்ப ஆறு நாள். போட்டது நாலு மணி நேரம்தான் என்றாலும் ஆறு நாளைக்கும் மீட்டர் ஓடும். டெபாசிட் வேறு. எனவே, 'மொத்தமாக இவ்வளவு' என்று முதலிலேயே பேசி முடியுங்கள். தோள்பட்டை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கை நீளத்தை டெய்லர் குறைத்துவிடுவார், தோளை ஒன்றும் செய்ய முடியாது. சில கப்பல் கம்பெனிகளே வாடகைக்குத் தருகின்றன. பெட்டியில் சுமக்க வேண்டாம், கசங்காது. ஆனால், டாலரில் காசு, சில வாரம் முன்பே அளவு கொடுக்க வேண்டும். இவ்வளவு கூட்டிக்கழித்தாலும், வாங்குவதோடு ஒப்பிட்டால் வாடகை எத்தனையோ மேல்.

இது வரைக்கும் சொன்னது கணக்கு. இனிமேல் சொல்லப்போவதுதான் வழக்கு.

கப்பலுக்கு உங்களோடு வருகிற அம்மணி என்ன செய்கிறார் என்று கவனித்தீர்களா? அதே அழைப்பு அவருக்கும்தான். அதே 'ஃபார்மல்ஸ் கட்டாயம்'. அவர் யாரையும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்தார், பட்டுப்புடவை ஒன்றை எடுத்து மடித்து வைத்தார். வேலை முடிந்தது. இளம்பிள்ளைச் சேலையோ காஞ்சிபுரமோ, உலகத்தில் எந்த விருந்துக்கும் புடவை போதும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேட்டி மேல் அந்த நம்பிக்கை நமக்கு மட்டும் எப்போது போனது?

இத்தனைக்கும் அம்மாபேட்டையும் பொன்னம்மாபேட்டையும் குகையும் இருக்கிற ஊர் சேலம். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. வெண்பட்டு வேட்டி நெய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஊர்க்காரர், கோட்டுத் துணியை எங்கிருந்தோ வரவழைத்துத் தைத்து, சிங்கப்பூர் கடலில் வேர்க்கிறார்!

'கப்பல்ல வேட்டிய உள்ள விடுவாங்களா?' நல்ல கேள்வி. விதியைப் படித்தவர் யார்? கோட்டு சூட்டு சம்பிரதாயத்தை இன்றும் விடாப்பிடியாக வைத்திருக்கிற கம்பெனி குனார்ட். குயின் மேரி 2 கப்பல்காரர்கள். அவர்களுடைய விருந்து விதியிலேயே கோட்டுக்குப் பக்கத்தில், அவரவர் நாட்டு விழா உடையும் சரி என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமிலும் அப்படியே. 2019 டிசம்பரில் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி எதில் போனார்? வேட்டி கட்டி, மேலே பந்த்கலா போட்டுப் போனார். எஸ்தர் டஃப்லோ, பிறப்பால் பிரெஞ்சுக்காரர், புடவை கட்டி வந்தார். ராஜா ஒன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆக, 'கட்டாயம்' என்று எழுதியது பெரும்பாலும் கப்பல் இல்லை. விழா ஏற்பாடு செய்கிற ஏஜென்சியில், மும்பையிலோ குர்கானிலோ உட்கார்ந்திருக்கிற ஒரு பையன். போன வருஷத்து அழைப்பில் தேதியை மட்டும் மாற்றியிருப்பான். அவனுக்கு பயந்து நாம் 16,000 ரூபாய் செலவு செய்கிறோம்.

நம் ஊரிலேயே இந்தக் கூத்து நடந்ததுதான். 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. போனவர் ஐகோர்ட் நீதிபதி அரிபரந்தாமன். வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சட்டம் போட்டு வாசலைத் திறந்தாகிவிட்டது. இப்போது வாசலில் யாரும் தடுக்கவில்லை. நாமேதான் வீட்டிலேயே வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புகிறோம்.

காந்தி கதை தெரியுமா? 1888ல் லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது பம்பாயிலேயே துணி தைத்துக்கொண்டு போனார். கப்பலில் கறுப்பு சூட்டு. இறங்கும்போது ஜம்மென்று இருக்கட்டும் என்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இறங்கினால், ஊரே கறுப்பில், இவர் ஒருவர்தான் வெள்ளை! பம்பாய்த் துணி சரிப்படாது என்று மறுபடி வாங்கினார். பாண்ட் தெருவில் பத்து பவுனுக்கு ஒரு விருந்து சூட்டு. பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி. எல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிற கணக்கு. அதே மனுஷர் 1931ல் ராஜபுதானா கப்பலில் லண்டன் போனார், நாலு முழ வேட்டியில். பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அப்படியே போனார். பத்து பவுன் மிச்சம்.

அவ்வளவு பெரிய ஆளெல்லாம் வேண்டாம் என்றால் நம் ஊர்க்காரர் இருக்கிறார். 1917ல் சேலம் முனிசிபாலிட்டி சேர்மனாக இருந்த வக்கீல் ராஜாஜி. 1925ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்துக் கதர் நூற்க வைத்தவர். 1948ல் மவுன்ட்பேட்டனுக்கு அடுத்த கவர்னர் ஜெனரல். நெஞ்சு நிறைய மெடலோடு முன்னவர் நின்ற இடத்தில், இவர் கதர் வேட்டியோடு போய் நின்றார். வெளிநாட்டுத் தூதர்கள் வரிசையில் நின்று வணக்கம் சொன்னார்கள்.

டீலராவது பரவாயில்லை, 16,000 போனால் அடுத்த மாதம் எடுத்துவிடுவார். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுகிற அப்பனை நினைத்துப் பாருங்கள். பையனுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் மேடையில் கோட்டு இல்லாவிட்டால் ஆல்பம் நன்றாக இருக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தறி முதலாளியிடம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருக்கிறார். மேலே இன்னும் பத்தாயிரம். அதை எத்தனை மாதக் கூலியில் கழிப்பார்? நாள் முழுக்க வேட்டியும் துண்டும் நெய்கிறவர், மகனுக்கு ஒரு சாயங்காலக் கோட்டு வாங்கக் கடன்படுகிறார். இந்தக் கோட்டு ஆசை அவருக்கு யாரைப் பார்த்து வந்தது? ஆல்பத்தில் நிற்கிற உங்களையும் என்னையும் பார்த்துத்தான்.

கோட்டுப் போட எனக்குப் பிடிக்கும் என்கிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். நான் கோட்டுக்கு எதிரி இல்லை. வாடகைக்கு எடுங்கள், போடுங்கள், போட்டோ எடுங்கள், திருப்பிக் கொடுங்கள். யாராவது கேட்டால் 'வாடகை' என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

வேட்டிதான் என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். கம்பெனி அனுப்பிய அந்த வாட்ஸ்அப்புக்கு இன்றைக்கே ஒரு பதில் போடுங்கள். 'எங்கள் ஊர்ப் பட்டு வேட்டியில் வரலாமா?' அவ்வளவுதான். பதில் எழுத்தில் வரட்டும், வைத்துக்கொள்ளுங்கள். 'கூடாது' என்று வந்தால், கப்பல் கம்பெனியின் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம், ஒட்டிக்கோ வேட்டியோ பெல்ட்டோ மறக்காமல் எடுத்துப் போங்கள். கப்பல் மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும்.