தமிழ்ல எழுதினா குப்பையா?

போன மாசம் சித்தூர்ல இருந்து அக்கா போன். "ஏன்டா, தாத்தா வீட்டுக்கு பவர் எழுதித் தர மனசில்லேன்னா நேரா சொல்லிடு. மூணு தடவை மெயில் போட்டாச்சு."

எனக்கு ஒண்ணுமே வரலை. பிரிண்ட் எடுக்க வசதின்னு ஆபீஸ் முகவரியைக் கொடுத்தது என் புத்தி. தோண்டிப் பார்த்தா மூணு மெயிலும் சர்வர்லயே தடுத்து வெச்சிருக்கு. குற்றம்? தமிழ்ல எழுதினது!

அதே வாரம் "திருமலை விஐபி தரிசனம், உடனே பணம் கட்டவும்"னு ஆங்கிலத்துல ஒரு டுபாக்கூர் மெயில் ஜம்முனு இன்பாக்ஸ்ல வந்து உட்கார்ந்திருக்கு. போலி இணையதளங்களை நம்பாதீங்கன்னு திருப்பதி தேவஸ்தானமே பலமுறை எச்சரிச்சாச்சு. எங்க ஃபில்டருக்கு அதெல்லாம் பிரச்சினையே இல்லை.

அட்மினைக் கேட்டா, "இங்க யாரும் அந்த மொழியில எழுதறதில்லையே" என்கிறார். யோவ், நான் எழுதறேனே!

மக்களே, மொழி, நாடு பார்த்து மெயிலை ஒதுக்கற வசதி மைக்ரோசாஃப்ட் 365லயும் இருக்கு, ஸ்பாம்அசாசின்லயும் இருக்கு. ரெண்டுலயும் அது தானா ஓடாது. யாராவது வேலை மெனக்கெட்டு போட்டுவிட்டாத்தான் உண்டு.

ஸ்பாம்அசாசின்ல ஒவ்வொரு விதிக்கும் மதிப்பெண். நாம மாத்தாத வரை, கூட்டுத்தொகை 5 தொட்டா ஸ்பாம். முன்னுரிமை எண் குறைவா இருக்கற விதி முதல்ல ஓடும். ஆக, எதை முன்னால வைக்கறது, எதுக்கு எவ்வளவு மார்க் போடறதுங்கறது மனுஷன் எடுக்கற முடிவு.

என் வரிசை இது. முதல் குழு: அனுப்பினவர் நிஜமா அவர்தானா? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் இதுக்குத்தான். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியில இருந்து இந்த மூணையும் கட்டாயமாக்கிடுச்சு. திருடனும் சொந்தமா டொமைன் வாங்கி இதுல பாஸாயிடுவான். அதனால இதுல தேறினதுக்காக மட்டும் உள்ளே விடக்கூடாது. ரெண்டாவது: தெரிஞ்ச முகவரியா? மூணாவது: லிங்க், இணைப்பு, பணம் கேக்கற வாசகம். மொழியும் நாடும் கடைசி. அதுவும் தனியா நின்னு ஒரு மெயிலைத் தடுக்க முடியாத அளவு சின்ன மார்க்.

எங்க ஊர்ல ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, உருது கேக்கும். பேச்சை வெச்சு எவனையும் திருடன்னு சொன்னதில்லை.

கான்சுலேட் போய் பவர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அக்கா இன்னும் முழுசா நம்பலை. "கம்ப்யூட்டர் மேல பழி போடறியா?"ன்னு கேக்கறா.

உங்க வீட்டுல யாராவது "மெயில் போட்டேனே"ன்னு சொன்னா, சண்டைக்குப் போகறதுக்கு முன்னாடி ஸ்பாம் பெட்டியைப் பாருங்க. அங்கேயும் இல்லேன்னா அட்மினைப் பிடிங்க.