காவல் துவக்கும் கைப்பழக்கமும்

தேற்றாத்தீவு எழுவான்கரை ஊர். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இடைப்பட்ட மணல்நிலத்தில் குடியிருப்பும் தோட்டப் பயிரும் உண்டு. பெரிய நெல்வயல்கள் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். இக்கரையில் குடியிருந்து அக்கரையில் வேளாண்மை செய்வது இந்தப் பக்கத்து ஊர்களின் பழைய வழக்கம். கதிர் முற்றும் நாட்களில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, காவல் வேண்டும். பன்றி வரும், யானை வரும். பரணில் தீயும் தகரமும் யானைவெடியும் இருக்கும். சிலரிடம் துவக்கும் இருக்கும்.

காவலுக்கு வைத்த துவக்கு காவல்காரரையே சாய்க்கும்போது, தவறுதலாக வெடித்தது என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். துவக்கு தானாக வெடிப்பது மிக அரிது. மருந்து நிரப்பியபடியே யாரோ அதைச் சாத்தி வைத்திருப்பார்கள். குழல் ஓர் ஆளை நோக்கித் திரும்பியிருக்கும். விரல் விசையில் கிடந்திருக்கும். அல்லது இருட்டில் அசைந்தது எது என்று பாராமலே சுட்டிருப்பார்கள். இவை அத்தனையும் பழக்கத்தின் பிழைகள். பழக்கம் திருந்தக் கூடியது.

இந்தக் கரைக்குத் துவக்கு புதிதல்ல. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கையில் கால்வைத்தபோது, இடியை விஞ்சும் அவர்களுடைய பீரங்கி ஓசையைப் பற்றிக் கோட்டை இராச்சியத்து அரசனுக்குச் சேதி போனதாக இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. 1628இல் அவர்கள் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டுகளில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டைக்குள் இருந்த ஆயுதம் மெல்ல மெல்லக் காட்டோரத்துக்கும் வந்தது. ஊர்க் கொல்லர்கள் வாய்வழியாக மருந்திட்டு இடிக்கும் துவக்கைச் செய்யப் பழகினார்கள். அந்த இடியன் துவக்கு இன்றும் ஒழியவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் வேட்டை ஒரு பெருமையாகவே இருந்தது. பதுளையில் அரச அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது; 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். எத்தனை விழுந்தது என்று எண்ணுவதே அந்தக் காலத்தில் திறமையின் அளவு. யாருக்கும் ஆபத்தில்லாமல் துவக்கை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் ஒரு திறமை என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் சட்டம் வந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டமே, பல திருத்தங்களோடு, இன்றுவரை நம்மை ஆள்கிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அதற்கும் முந்திய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, கவனமின்மையால் மரணம் விளைவிப்பதை 298ஆம் பிரிவில் குற்றமாக வைத்திருக்கிறது. ஆக, தவறுதலாக வெடித்தது என்ற சொல்லைச் சட்டம் நூற்று நாற்பது ஆண்டுகளாக அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் சட்டத்தின் கண் பெரும்பாலும் துவக்கு யார் கையில் இருக்கிறது என்பதிலேயே நின்றது. அந்தக் கை அதை எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வி வீட்டுக்கும் விதிக்கும் விடப்பட்டது.

துவக்கு யார் கையில் என்ற கேள்வி ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதற்கு வரலாறே பதில். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தெற்கே இளைஞர்கள் வீடு வீடாகப் புகுந்து துவக்குகளைச் சேர்த்தார்கள். எண்பதுகளில் வடக்கு கிழக்கில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்களும் அதையே செய்தன. பயிர் காக்க அனுமதிப்பத்திரத்தோடு வாங்கிய துவக்குகள் அப்படியே போயின. பிறகு வந்த ஆண்டுகளில் கிழக்கில் சுடுகருவி என்றாலே போர்க் கருவி என்றாகிவிட்டது. அதைப் பார்த்தால் ஒதுங்குவது, கேட்டால் தெரியாது என்பது, இவையே உயிர் பிழைக்கும் வழி. ஒரு தலைமுறை முழுக்கத் துவக்குக்குப் பயந்து வளர்ந்தது. பயம் வேறு, பக்குவம் வேறு. வயற்காவல் துவக்கைத் தகப்பன் மகனுக்குக் கற்றுக்கொடுக்கும் தொடர்ச்சி அந்த ஆண்டுகளில் அறுந்தது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்து, கைவிட்ட வட்டைகளில் மீண்டும் ஏர் இறங்கியபோது, காடேறிய நிலத்தில் பன்றியும் யானையும் குடியேறியிருந்தன. துவக்கின் தேவை திரும்பியது. அதைக் கையாளும் பக்குவம் கூடவே திரும்பவில்லை.

இடியனை எடுத்துக்கொள்வோம். இரட்டைக்குழல் துவக்கை மடித்துப் பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடியனில் அது தெரியாது. மருந்து, அடைப்பு, ஈயம் என்று ஒவ்வொன்றாக வாய்வழியே போட்டுக் கோலால் இடித்து இறுக்குவார்கள். ஒருமுறை நிரப்பினால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் நிரப்பியபடியே கூரையில் செருகி வைக்கிறார்கள். காலையில் வீட்டுப் பிள்ளை அதை எடுத்து விளையாடும்போது வெறுந்துவக்கு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய வேட்டைக்காரருக்கு இதற்கு ஓர் உபாயம் தெரியும்: வெறுங்குழலில் கோல் எவ்வளவு இறங்கும் என்று கோலிலேயே ஒரு கீறல் போட்டுவைப்பது. கோல் அந்தக் கீறல்வரை இறங்காவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே குழலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து சற்றுப் பிந்தி வெடிக்கலாம். குழலை ஆளில்லாத் திசையில் பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பரணில் ஏறும்போதும் வேலி தாண்டும்போதும் தோணியில் இறங்கும்போதும் துவக்கில் மருந்தோ தோட்டாவோ இருக்கவே கூடாது.

இரவில் சுடுவது இதைவிடப் பெரிய சிக்கல். பற்றைக்குள் சலசலப்பு, பன்றிதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அங்கே இருப்பவர் அடுத்த வயல் காவல்காரராகவோ மாடு தேடி வந்தவராகவோ இருக்கலாம். இந்தப் பிழையை நம்முடைய இதிகாசம் மிகப் பழைய காலத்திலேயே கண்டுவிட்டது. ஒலியைக் கேட்டே அம்பெய்ய வல்லவன் தசரதன். ஆற்றில் குடம் நிரம்பும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி எய்தான். விழுந்தவன் கண்ணில்லாத பெற்றோரின் ஒரே பிள்ளை. தசரதன் கைத்திறன் குறைந்தவனல்ல. திறன் மிகுந்திருந்ததாலேயே கண்ணால் பார்க்கும் கடமையை விட்டுவிட்டான். தெரியாமல் செய்தேன் என்றது அவனைக் காக்கவில்லை. புத்திர சோகம் அவனையும் தேடி வந்தது.

சுடும் ஆளே இல்லாத துவக்கும் உண்டு. கட்டுத்துவக்கு என்பது பன்றி வரும் தடத்தில் குழலைத் தாழக் கட்டி, விசையோடு இணைத்த கம்பியைக் குறுக்கே இழுத்து வைப்பது. கம்பியில் படுவது பன்றியா மனிதனா என்று அதற்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால், மனிதருக்கு முழங்காலையும் கணைக்காலையும் சிதைக்கிறது. காலை இழந்தோர் பலர், குருதி வடிந்து காட்டிலேயே இறந்தோரும் உண்டு. கவனமாகக் கையாளலாம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. அது சட்டவிரோதம், கட்டவே கூடாது.

பயிற்சியால் என்ன ஆகும் என்று கேட்போருக்கு உலகில் விடை இருக்கிறது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1949இல் வேட்டை அனுமதிக்கு முன் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் பின்தொடர, வேட்டை விபத்துகள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்துவந்தன. அங்கே ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் சொல்லிப் பரப்பிய நான்கு விதிகள் எந்த ஊருக்கும் பொருந்தும். எந்தத் துவக்கையும் நிரம்பியது என்றே எண்ணு. அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி உறுதியாகும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள்.

கடைசி விதி கற்றுத் தேர்ந்தவர்களுக்கும் உரியது. 2021 டிசம்பர் 30இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்தில், மத்தியப் படையினர் பயிற்சி செய்த துப்பாக்கி சுடுதளத்திலிருந்து பறந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்தான். சுட்டவர்கள் சீருடைக்காரர்கள், இலக்குக்கு அப்பால் ஊர் இருந்தது.

மட்டக்களப்புக்கு இன்னொரு பாடமும் கையிலேயே இருக்கிறது. போருக்குப் பின் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கண்ணிவெடி அபாயத்தைப் பாடசாலையில் படித்தார்கள். அறியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல் என்பது சிறுவர் வாயில் பாடமாக நின்றது. அகற்றுவோர் நிலத்தைச் சுத்தம் செய்தார்கள். மக்கள் பழக்கத்தைச் சுத்தம் செய்தார்கள். 2017 ஜூனில் நாட்டின் முதலாவது கண்ணிவெடியற்ற மாவட்டமாக மட்டக்களப்பு அறிவிக்கப்பட்டது. நிலத்துக்கடியில் கிடந்த வெடியைப் பற்றி அவ்வளவு கற்றுக்கொண்ட ஊர்கள், கூரையில் தொங்கும் துவக்கைப் பற்றிக் கற்க முடியாதா?

பயிர்க்காவல் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அந்த நாளை முத்திரைக்கும் கையொப்பத்துக்கும் மட்டும் ஆன நாளாக விடாமல், கையாளும் முறையைச் செய்துகாட்டிச் சோதிக்கும் நாளாகவும் மாவட்டச் செயலகமும் பொலிஸும் ஆக்க வேண்டும். கமக்காரர் அமைப்புகள் விதைப்புக்கு முந்திய கூட்டத்தில், எந்த இரவில் எந்தப் பரணில் யார் என்பதை முடிவு செய்து எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். வீட்டில் துவக்கு பூட்டிலும் தோட்டா வேறிடத்தில் வேறு பூட்டிலும் இருக்க வேண்டும். கட்டுத்துவக்கு கட்டுபவரை ஊர் மூடி மறைக்கக் கூடாது. இருட்டில் இன்னதென்று தெரியாவிட்டால் சுடாமல் விடுங்கள். பன்றி தின்ற வேளாண்மையை அடுத்த போகத்தில் மீட்கலாம். போன உயிருக்கு அடுத்த போகம் கிடையாது.