சிரிக்க வைக்கிறவன்னா மட்டமா?

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம். அழ வைக்கிற பாட்டுன்னா கலை, சிரிக்க வைக்கிற பாட்டுன்னா 'சும்மா டைம்பாஸ்'. எனக்கு இதில் உடன்பாடே இல்லைங்க.

இலங்கையின் 'ஜிப்ஸீஸ்' குழுவை எடுத்துக்குங்க. 1971ல் அன்டன் பெரேரா ஆரம்பிச்சது. பாடினது அவர் மகன் சுனில் பெரேரா. பைலா தாளம், எலெக்ட்ரிக் கிடார், வாய் நிறைய நையாண்டி. அரசியல்வாதி, லஞ்சம், நடுத்தர வர்க்க ஜம்பம்னு எதையும் விட்டு வைக்கலை. 2021 செப்டம்பரில், 68 வயசில் சுனில் போய்ச் சேரும்வரை கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! அழ வைக்க ஒரே சோகம் போதும். சிரிக்க வைக்க ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்கு வேணுமே?

இங்கிலாந்தில் 'டாய் டால்ஸ்'னு ஒரு பங்க் ராக் குழு, 1979ல் ஆரம்பிச்சது. பங்க்னா கோபமாத்தான் கத்தணும்னு இருந்த காலத்தில், யானையைப் பத்தின ஒரு குழந்தைப் பாட்டைத் தடதடன்னு வாசிச்சு, 1984ல் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் நாலாம் இடம் பிடிச்சாங்க.

அவ்வளவு தூரம் ஏன்? சிலோன் மனோகரோட 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கலந்த பாட்டுதான். எங்க தூத்துக்குடியில் அதைப் பாடாத கல்யாண வீடு உண்டா? அதனால தமிழ் கெட்டுப் போச்சா என்ன?

இதை ஏன் சொல்றேன்னா, இங்கே நஞ்சன்கூட்டில் நாங்க நாலைஞ்சு தமிழ்க் குடும்பம் சேர்ந்து பொங்கல் கொண்டாடுறோம். போன தடவை பிள்ளைங்க தாங்களே ஒரு பாட்டு கட்டுனாங்க. ஆச்சி ஊர் மக்ரூனுக்கும் நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழத்துக்கும் சண்டை. நடுவில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'ன்னு பஞ்சாயத்து! ஒத்திகையில் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பெரியவங்க சிலர் "கன்னடம் கலக்குது, கேலியா இருக்கு"ன்னு நிறுத்திட்டாங்க. பதிலுக்கு ஒரு சினிமாப் பாட்டு. அர்த்தம் புரியாம, பேப்பரைப் பார்த்துப் பாடினாங்க.

எது தமிழை வளர்க்கும், சொல்லுங்க? பிள்ளை தமிழில் ஜோக் அடிக்குதுன்னா, அது தமிழில் யோசிக்குதுன்னு அர்த்தம். வெளியூரில் வளர்ற பிள்ளைகிட்ட இதைவிட வேற என்னங்க வேணும்?

நான் பி.காம். படிச்ச ஆளு. பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்'னு ஒரு வரி வரும். கண்ணால பார்க்க முடியாது, ஆனா சொத்துதான். பிள்ளைங்களோட கேலிப் பாட்டையும் அந்தக் கணக்கில் எழுதுங்க. வர்ற பொங்கலுக்கு மக்ரூன் பாட்டு மேடை ஏறணும், அதுதான் என் கட்சி. உங்க கட்சி என்ன?