நினைவு நாணயம்: எடை அரசிதழில் உண்டு, எண்ணிக்கை எங்கே?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் புதிய கட்டடம் 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்டபோது தமிழகத்தின் கவனம் முழுவதும் மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே நிறுவப்பட்ட செங்கோலின் மீதே இருந்தது. அதே விழாவில் பிரதமர் நரேந்திர மோடி வெளியிட்ட 75 ரூபாய் நினைவு நாணயம் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நாணய சேகரிப்பாளர்களும் வணிகர்களும் மட்டும் விதிவிலக்கு. விற்பனை எப்போது, எங்கே, எத்தனை என்பதே அவர்களுடைய கவலையாக இருந்தது.

கொல்கத்தாவில் அலிப்பூர் நாணயச் சாலையில் அச்சிடப்பட்ட அந்த நாணயத்தின் எடை 35 கிராம். விட்டம் 44 மில்லி மீட்டர். அதில் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவீதம். விளிம்பில் 200 வரிப்பள்ளங்கள். இந்த விவரங்கள் அனைத்தையும் நிதி அமைச்சகம் அரசிதழில் விதிகளாகவே வெளியிட்டது. ஆனால், அச்சிடப்படும் நாணயங்கள் எத்தனை, அவை மக்களுக்கு எந்த விலையில் விற்கப்படும் என்ற இரண்டு கேள்விகளுக்கு இத்தகைய விதிகளில் விடை இருப்பதில்லை. விளிம்பில் எத்தனை பள்ளங்கள் என்பதைச் சட்டபூர்வமாக அறிவிக்கும் அரசு, நாணயங்கள் எத்தனை என்பதைச் சொல்வதில்லை. நினைவு நாணயச் சந்தையில் நிகழும் போட்டி அனைத்தும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

அலிப்பூரின் தனி அடையாளம்: கொல்கத்தாவில் நாணயம் அச்சிடும் பணி 1757-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கியது. ஸ்ட்ராண்ட் சாலையில் 1829-இல் திறக்கப்பட்ட நாணயச் சாலை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இயங்கியது. அதன்பின், அன்றைய நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக் 1952 மார்ச் 19-ஆம் தேதி அலிப்பூர் நாணயச் சாலையைத் திறந்துவைத்தார். பாரத ரத்னா, பத்ம விருதுகளுக்கான பதக்கங்கள் தயாராவதும் இங்குதான். இந்த நாணயச் சாலையின் மணிவிழாவை முன்னிட்டு 2012-இல் 60 ரூபாய் நாணயமே வெளியிடப்பட்டது. நாணயச் சாலை தன் பெயரிலேயே நாணயம் வெளியிட்டுக்கொண்ட அபூர்வ நிகழ்வு அது.

மும்பையில் அச்சான நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவக் குறியும், ஹைதராபாத் நாணயத்தில் நட்சத்திரமும், நொய்டா நாணயத்தில் புள்ளியும் இருக்கும். கொல்கத்தா நாணயத்தில் குறி எதுவும் இராது. குறி இல்லாததே அதன் குறி. ஒரே நாணயம் இரு நாணயச் சாலைகளில் அச்சானால் சேகரிப்பாளருக்கு அவை இரு வேறு பொருள்கள். இரண்டையும் வாங்கியாக வேண்டும். ஆகவே, எந்தச் சாலையில் எத்தனை என்ற விவரத்துக்கு இந்தச் சந்தையில் விலை உண்டு. அந்த விவரத்தை முதலில் அறிபவர் முதலில் லாபம் காண்கிறார்.

இரு வகை நாணயங்கள்: நினைவு நாணயங்களில் இரண்டு வகை உண்டு. 5 ரூபாய், 10 ரூபாய் போன்றவை புழக்கத்துக்கும் விடப்படுகின்றன. பேருந்துக் கட்டணத்தின் மீதியாகக்கூட நம் கைக்கு வந்துசேரும். மற்றவை 75, 100, 125, 150, 1,000 என்ற மதிப்புகளில் சேகரிப்புக்கென்றே அச்சிடப்படுபவை. இவற்றை வங்கிகளில் பெற முடியாது. 2006-இல் உருவாக்கப்பட்ட, முழுவதும் மத்திய அரசுக்குச் சொந்தமான இந்தியப் பாதுகாப்பு அச்சு மற்றும் நாணய உற்பத்திக் கழகம் இவற்றை அழகிய பெட்டிகளில் அடைத்து நேரடியாக விற்கிறது. மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு தனிக் கவனத்துடன் தயாராகும் "புரூஃப்' தொகுப்புக்கு ஒரு விலை, புழக்கத்துக்கு வராத சாதாரணத் தொகுப்புக்கு இன்னொரு விலை.

முன்பெல்லாம் விண்ணப்பப் படிவத்துடன் வங்கி வரைவோலையை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவு செய்தவருக்கெல்லாம் நாணயம் அச்சிடப்பட்டதால், தாமதம் இருந்தாலும் ஏமாற்றம் குறைவு. இப்போது இணையவழி விற்பனை வந்துவிட்டது. காத்திருப்பு குறைந்தது; ஆனால், முந்துபவருக்கே நாணயம் என்ற நிலை உருவாகிவிட்டது. ஒரே நேரத்தில் பல பெயர்களில் பதிவு செய்யும் வசதி வணிகருக்கு உண்டு. அலுவலக நேரத்தில் விற்பனை தொடங்கினால், தேனியிலோ திருவாரூரிலோ உள்ள பள்ளி ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை.

அரசியலும் விலையும்: ஆந்திரத்தின் முன்னாள் முதல்வர் என்.டி. ராமாராவ் நூற்றாண்டையொட்டி 100 ரூபாய் நாணயத்தைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2023 ஆகஸ்ட் 28-இல் வெளியிட்டார். மறுநாள் ஹைதராபாதில் விற்பனை தொடங்கியபோது நீண்ட வரிசை காணப்பட்டது. பெட்டியின் வகைக்கேற்ப விலை சுமார் 3,500 ரூபாயில் தொடங்கியது. அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் சேகரிப்பாளர்கள் அல்லர். அவருடைய ரசிகர்களும் தொண்டர்களும்தான்.

தமிழகமும் இதே காட்சியைக் கண்டது. முன்னாள் முதல்வர் மு. கருணாநிதியின் நூற்றாண்டு நாணயத்தைப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் 2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்னையில் வெளியிட்டார். "தமிழ் வெல்லும்' என்ற வாசகத்தைத் தாங்கிய அந்த 100 ரூபாய் நாணயம் அண்ணா அறிவாலயத்தில் 10,000 ரூபாய்க்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. நாணயத்தில் ஹிந்தி எழுத்து இருக்கலாமா என்பது குறித்து திமுகவும் அதிமுகவும் அறிக்கைப் போர் நடத்தின. எத்தனை நாணயங்கள் அச்சாயின என்று எந்தக் கட்சியும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாய் எனக் கொண்டால், 35 கிராம் நாணயத்தில் உள்ள 17.5 கிராம் வெள்ளியின் மதிப்பு 1,750 ரூபாய். ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டையொட்டி 2024 ஏப்ரலில் வெளியான 90 ரூபாய் நாணயமோ 40 கிராம் தூய வெள்ளி. அதே கணக்கில் 4,000 ரூபாய். 2025 டிசம்பரில் வெள்ளி விலை கிலோ 2 லட்சம் ரூபாயையும் தாண்டியது. பழைய விலையில் வாங்கி வைத்தவருக்கு உலோகத்தின் மூலமே லாபம் கிடைக்கும். ஆக, அபூர்வம் என்ற மதிப்போடு வெள்ளி வணிகமும் இதில் சேர்ந்துகொண்டுள்ளது.

அமெரிக்காவின் பாடம்: இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 2014 ஆகஸ்டில் கென்னடி தங்க நாணயத்தை அமெரிக்க நாணயச் சாலை சிகாகோ கண்காட்சியில் விற்றபோது, வணிகர்கள் கூலிக்கு ஆள்பிடித்து வரிசையில் நிறுத்தினர். தள்ளுமுள்ளு ஏற்பட்டதால், பாதுகாப்பு கருதி நேரடி விற்பனையே நிறுத்தப்பட்டது. 2020 நவம்பரில் இரண்டாம் உலகப் போர் முடிந்த 75-ஆம் ஆண்டையொட்டி வெளியான 1,945 தங்க நாணயங்கள் சில நிமிடங்களில் தீர்ந்தன.

எனினும், அங்கே ஒரு வேறுபாடு உண்டு. நினைவு நாணயம் ஒவ்வொன்றுக்கும் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றுகிறது. அதிகபட்சம் எத்தனை நாணயங்கள் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கும். ஆண்டுக்கு இரண்டு நினைவுத் திட்டங்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது. ஏமாற்றம் அங்கும் உண்டு. ஆனால், எதற்காக ஏமாந்தோம் என்பதாவது தெரியும்.

இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்கீழ் நிதி அமைச்சகமே விதிகளை வெளியிடுகிறது. அவை பின்னர் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்படுகின்றன. அன்றாடம் அவையில் வைக்கப்படும் தாள்களின் குவியலில் அவற்றைப் புரட்டிப் பார்க்கும் உறுப்பினர்கள் அரிது.

தேவைக்கேற்பவே அச்சிடுவதால் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்ல இயலாது என்று அதிகாரிகள் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால், விற்பனை முடிந்த பிறகு அறிவிப்பதற்கு என்ன தடை? வணிகர்களை மட்டும் குறை கூறுவதும் சரியன்று. விற்காத நாணயத்தின் நஷ்டத்தையும் அவர்களே ஏற்கின்றனர். நாணயச் சாலை இல்லாத ஊர்களில் சேகரிப்பாளருக்கு அவர்களே துணை. தங்கசாலை என்ற தெருப் பெயரை மட்டும் மிச்சம் வைத்திருக்கும் சென்னைக்கு, அருகிலுள்ள நாணயச் சாலை ஹைதராபாதில்தான் உள்ளது. தகவல் மறைந்திருக்கும்வரை வதந்தியே விலையைத் தீர்மானிக்கும். வதந்தி உள்ள இடத்தில் மோசடியும் நுழையும். பழைய நாணயம் வாங்க, விற்க எனத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க நேர்ந்தது.

என்ன செய்யலாம்?: தீர்வுகள் கடினமானவை அல்ல. விற்பனைக்கு முன்பே தேதியையும் விலையையும் அறிவிக்கலாம். குறிப்பிட்ட நாள்கள் பதிவைத் திறந்துவைத்து, பதிவு செய்த அனைவருக்கும் அச்சிட்டுத் தரலாம். அது இயலாவிட்டால் ஒருவருக்கு இத்தனை என வரம்பு விதித்துக் குலுக்கல் நடத்தலாம். விற்பனை முடிந்ததும், எந்த நாணயச் சாலையில் எத்தனை அச்சாயின என்பதை வெளியிடலாம். விதிகளை ஆராய்வதற்கென்றே சார்நிலைச் சட்டங்களுக்கான குழு நாடாளுமன்றத்தில் உள்ளது. கழகத்தின் கணக்கைக் கேட்கப் பொதுத் துறை நிறுவனங்களுக்கான குழுவும் உள்ளது.

தலைவர்களுக்கு நாணயம் வெளியிட வேண்டும் எனக் கோரி அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதாத கட்சி அரிது. கோரிக்கை நிறைவேறிய பிறகு, அந்த நாணயம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் அதே ஆர்வத்துடன் அவர்கள் கேட்க வேண்டும். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் உண்டு. அரசின் முத்திரையுடன் வரும் பொருளுக்கு இரண்டு பொருளும் பொருந்தியாக வேண்டும்.