மொரிஸ் மைனரும் வால்வு வானொலியும்

மட்டக்களப்பிலுள்ள என் நண்பர் ஒருவரிடம், தகப்பனார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. 1978 நவம்பர்ச் சூறாவளியில் அதன்மீது கூரை விழுந்தது. யுத்த காலத்தில் நெடுநாள் ஓடாமற் கிடந்தது. இன்று அது கல்லடி வரை போய்த் திரும்பி வருகிறது. இதுவே ஒரு சாதனைதான்.

இப்போது அவர் அதில் வானொலி பொருத்த விரும்புகிறார். கராஜ்காரர் சொன்ன வழி எளிது: டாஷ்போர்டில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, புளூடூத்துடன் கூடிய புதிய செட் ஒன்றைச் செருகிவிடலாம். வேண்டாம் என்றேன். அதனால் எங்களுக்குள் சிறு மனத்தாங்கலும் உண்டாயிற்று.

மைனரின் டாஷ்போர்டு நடுவில் வேகமானியையும் இருபுறமும் சிறு அறைகளையும் கொண்டது. அக்காலத்தில் வானொலி வேண்டியோர் பெரும்பாலும் அதைக் கீழ்த்தட்டுக்கு அடியில் தொங்கவிட்டனர். தகட்டை வெட்டுவது மீட்க முடியாத காரியம். இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தக் காரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய செட்டுகளுக்கோ எதிர்முனை உடலோடு இணைய வேண்டும். கவனியாது பொருத்தினால் செட் புகைந்துவிடும்.

அந்தக் காலத்து வால்வு செட் வேறொரு பிராணி. வால்வுகளுக்கு ஏறக்குறைய இருநூறு வோல்ட் வேண்டும். பற்றரி தருவதோ பன்னிரண்டு. ஆகவே, 'வைப்ரேட்டர்' எனும் சிறு கருவி நேரோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும்; மின்மாற்றி அதை உயர்த்தும். திருகியவுடன் ஒரு ரீங்காரம் கேட்கும். வால்வு சூடேறிய பின்னரே குரல் வரும். எஞ்சினின் தீப்பொறிகள் படபடவென்று குறுக்கிடாதிருக்க அடக்கிகளும் பூட்ட வேண்டும்.

வெளிக்கூடு பழையதாயும் உள்ளே பண்பலைச் சுற்று புதியதாயும் இருந்தாற் போதாதா என்று நண்பர் கேட்டார். பலர் அப்படிச் செய்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. பொம்மைக்குப் பட்டுச் சேலை உடுத்துவதைப் போன்றது அது. பழைய பெட்டி பிடிப்பது நடுஅலையைத்தான். இங்கே ஒலிபரப்புகள் பண்பலைக்கு மாறிவிட்டன என்பது உண்மையே. ஆயினும் இரவில் நடுஅலை வானத்திற் பட்டுத் தெறித்து வெகுதூரம் வரும். இலங்கை வானொலி தமிழ்நாட்டு வீடுகளிற் கேட்டதும், இந்திய நிலையங்கள் நம் கரையிற் கேட்டதும் இத்தகைய அலைகளின் புண்ணியந்தான். கடல்வெளிக்கு முன்னே காரை நிறுத்தி, அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதக்குரலைத் தேடிப் பிடிப்பதில் ஓர் இன்பம் உண்டு. விரல் தொட்டதும் பாட்டு வரும் தலைமுறைக்கு அதை எப்படி விளக்குவது?

யாழ்ப்பாணத்தில், பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மொரிஸையும் ஒஸ்ரினையும் ஓட்டினார்கள். வானொலி அன்று வெறும் பொழுதுபோக்கன்று. உயிரோடு இருப்பவர் யார், வீதி திறந்திருக்கிறதா என்று அறியும் வழி. அப்படிக் கேட்ட பெட்டியை வயிறு கிழித்து வெறுங்கூடாக்க எனக்குக் கை வராது. அடுத்தவர் பெட்டியில் எனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான்.

கல்லடியிலேயே ஒரு பாடம் நிற்கிறது. 1924இல் எழுந்த பழைய பாலத்தை இடிக்காமல், பக்கத்திலேயே புதிய பாலத்தைக் கட்டி 2013இல் திறந்தார்கள். பாரவாகனங்கள் புதியதிற் போகின்றன. பழையதில் நடந்துபோய் வாவியைப் பார்க்கலாம். காரிலும் அப்படியே செய்யட்டும். வால்வு செட்டைத் தட்டுக்கு அடியில், புதிய ஓட்டையின்றி, அதன் இயல்பிலேயே பூட்டலாம். பிள்ளைகளின் பாட்டுக்குக் கையடக்கமான ஒலிபெருக்கியொன்றைச் சிறு அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். தகட்டில் ஒரு கீறலும் விழாது.

நண்பர் வெட்டும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார். தகப்பனார் வாங்கி ஒருநாளும் பூட்டாத பழைய செட் ஒன்று பரணில் இருந்து கிடைத்திருக்கிறது. வால்வுகள் உடையவில்லை, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைத்தான் எலி தின்றுவிட்டது. இப்போது தேடுவது ஒரு வைப்ரேட்டர்.